இரண்டே ஆண்டில் பிளாக் பெல்ட் என்கிறார் மாஸ்டர்; நம்பலாமா?

கேள்வி: என் ஒன்பது வயது மகன் பத்து மாதங்களாகக் கராத்தே வகுப்புக்குச் செல்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட் டெஸ்டுக்குப் பணம் கட்டுகிறோம். இரண்டு ஆண்டில் பிளாக் பெல்ட் உறுதி, பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்கிறார் மாஸ்டர். அவரிடம் நாங்கள் எதை எதிர்பார்க்கலாம்? (வாசகி, விழுப்புரம்)

பதில்: எந்த மாதத்தில் எந்தப் பட்டை என்பதைச் சேர்க்கும் நாளிலேயே சொல்லிவிடுகிறவர், உங்கள் மகனின் கால்களைப் பார்த்து அதைச் சொல்லவில்லை, தம் வசூல் கணக்கைப் பார்த்துச் சொல்கிறார். வாரத்தில் இரண்டு மணி நேரம் பயிலும் சிறுவனுக்கு இரண்டு ஆண்டில் கட்டப்படும் கருப்புப் பட்டை வெறும் துணிதான். பட்டை முறையே ஜூடோவிலிருந்து கராத்தேக்கு வந்தது. நவீன கராத்தேயின் தந்தை எனப்படும் ஃபுனாகோஷி தம் மாணவர்களுக்கு முதன்முதலில் 'டான்' என்னும் கருப்புப் பட்டைத் தரம் வழங்கியது 1924இல். அந்த முதல் தரமான 'ஷோடான்' என்பதற்குத் தொடக்க நிலை என்றுதான் பொருள்.

சிறுவர்களுக்கு அந்தத் தரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவில் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு டான் என்று கொடுக்காமல் 'பூம்' என்று தனிப் பெயரில் கொடுக்கிறார்கள். வயது வந்தபின் அதை டானாக மாற்றிக்கொள்ளலாம். அதாவது திறமையை ஏற்றுக்கொண்டு, முதிர்ச்சிக்குக் காத்திருக்கிறார்கள். கராத்தேயிலோ பிரிவுக்கொரு விதி. ஆகவே சான்றிதழில் கையெழுத்திடும் அமைப்பு எது, இளையோர் தரத்தைப் பிறகு மறுதேர்வு செய்கிறதா என்று கேளுங்கள்.

ஒதுக்கீட்டுக்கும் பட்டைக்கும் தொடர்பில்லை. அங்கு செல்லுபடியாவது அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றிதழ். கல்யாண மண்டபத்தில் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் பதக்கம் மாட்டும் 'ஓப்பன் இன்டர்நேஷனல்' போட்டிகளும், அவற்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசிப் பிள்ளைகளைத் திரட்டும் தரகர்களும் பெற்றோரின் அறியாமையில் பிழைக்கிறார்கள். டீக்கடை வைப்பவர்கூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டிய நாட்டில், பிள்ளைகளின் கழுத்தையும் முழங்காலையும் கையாளும் வகுப்பைத் தொடங்க யாரும் எதையும் கேட்பதில்லை. சங்கங்களோ யார் உண்மையான சங்கம் என்ற வழக்கிலேயே காலம் தள்ளுகின்றன.

நியாயமாக எதிர்பார்க்க வேண்டியவை மிகச் சாதாரணமானவை: மாஸ்டருக்கு உங்கள் மகனின் பெயரும் பழைய காயமும் தெரிந்திருக்க வேண்டும்; வகுப்பு நடக்கையில் பெற்றோர் உட்கார்ந்து பார்க்கத் தடை இருக்கக் கூடாது; பிரம்படியைப் பயிற்சி என்று சொல்லக் கூடாது. முதல் ஆண்டில் நிற்கவும் விழவும் தடுக்கவும் கற்றுக்கொண்டாலே போதுமானது. தெருச் சண்டையில் வெல்வான் என்று வாக்களிப்பவரைவிட, ஓடிவிடு என்று சொல்லிக்கொடுப்பவரையே நான் நம்புவேன்.

அடுத்த டெஸ்டுக்குப் பணம் கட்டுமுன், மகனை ஒரு கட்டா (வரிசைப்படுத்திய தாக்குதல், தடுப்பு அசைவுகள்) செய்யச் சொல்லி, எந்த அசைவு எதற்கு என்று கேளுங்கள். அவன் விழித்தால், தேர்வைத் தள்ளிவைக்கலாமா என்று மாஸ்டரிடம் கேளுங்கள். முகம் சுளிக்காமல் சம்மதித்தால் அங்கேயே தொடரட்டும்.