கோட் ப்ளூ சிமுலேஷன்ல கை நின்னுடுதுன்னு கேட்டவருக்கு

கோட் ப்ளூ, அதாவது இதயம் நின்னுபோன நோயாளிய காப்பாத்துற அவசர சிகிச்சையோட ஒத்திகைல, டோஸ் எல்லாம் மனப்பாடமா தெரியுது, ஆனா டீம் லீடர் மருந்து கேட்டதும் அப்படியே நின்னுடுறேன்னு எழுதியிருந்தீங்க. படிப்பு பத்தலன்னு நினைக்காதீங்க, படிச்சத வாயால சொல்லி கையால செஞ்சு பழகல, அவ்ளோதான். அட்ரினலின் 1 மி.கி., 3லேர்ந்து 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை, இத நோட்ல எழுதுறத விட டைமர் ஓடவிட்டு ஒரு ஃப்ரெண்ட ரிதம் (மானிட்டர்ல தெரியுற இதயத் துடிப்போட வகை) மாத்தி மாத்தி சொல்லச் சொல்லி சத்தமா ஓட்டிப் பாருங்க. விஎஃப் (இதயத்தோட கீழறை தாறுமாறா துடிக்கிறது), பல்ஸ் இல்லாத விடி (கீழறை ரொம்ப வேகமா துடிச்சும் நாடி இல்லாதது)ன்னா ஷாக் குடுத்தும் அடங்காதப்போ, துடிப்ப சீராக்குற மருந்தான அமியோடரோன் முதல்ல 300 மி.கி., அப்புறம் 150, ஆனா அசிஸ்டோல் (இதயத்துல மின் துடிப்பே இல்லாதது), பிஇஏ (மானிட்டர்ல துடிப்பு தெரிஞ்சும் நாடி இல்லாதது)ன்னா ஷாக்கும் இல்ல அமியோடரோனும் இல்ல, அட்ரினலின் சீக்கிரம் போகணும், நிறைய பேர் தடுமாறுறது இங்கதான்.

கேட்ட ஆர்டர திருப்பிச் சொல்லுங்க, மருந்து உள்ள போனதும் டைமோட சத்தமா சொல்லுங்க, பின்னாடியே மருந்த உள்ள தள்ள 20 மி.லி. சலைன் ஃப்ளஷ். அப்புறம் தயவுசெஞ்சு லேபிள் இல்லாத சிரிஞ்ச யார் கைலயும் குடுக்காதீங்க. அட்ரினலின் 1 மி.லி.ல 1 மி.கி.யும் இருக்கு, 10 மி.லி.ல 1 மி.கி.யும் இருக்கு, அவசரத்துல அத கவனிக்க வேண்டிய ஆளே நீங்கதான்.

வீடியோ எடுத்திருந்தா டீப்ரீஃப்ல (ஒத்திகை முடிஞ்சதும் நடக்குற அலசல்ல) கேட்டு வாங்கி, எந்த இடத்துல நின்னீங்கன்னு பாருங்க, அந்த இடத்த மட்டும் திரும்பத் திரும்ப செய்ங்க.