இம்ப்ரெஷன் ஏறுகிறது, கிளிக் ஏன் இறங்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கூகுளின் கோர் அப்டேட் வந்த வாரத்திலிருந்து எங்கள் தளத்துக்கு வரும் கிளிக்குகள் பாதியாகிவிட்டன. எல்லாக் கட்டுரைகளையும் புதிதாக எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். கோர் அப்டேட் என்பது தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் கூகுள் செய்யும் பெரிய மாற்றம். அது பரவிக்கொண்டிருக்கும்போது கை வைத்தால், ஏறியதும் இறங்கியதும் உங்கள் திருத்தத்தாலா, அப்டேட்டாலா என்று பிறகு பிரித்துப் பார்க்கவே முடியாது. கோர் அப்டேட் முழுதாகப் பரவப் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம் ஆகும். 2024 மார்ச்சில் தொடங்கியது 45 நாள் இழுத்தது. முடிந்துவிட்டதா என்பதை கூகுளின் சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்டில் பார்க்கலாம். முடிந்த பிறகும் ஒரு வாரம் பொறுங்கள்.

அப்புறம் சர்ச் கன்சோலில் (தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவி) பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து, அந்த வாரத்தை அப்டேட் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள். சீசனுக்குச் சீசன் மாறும் தொழில் என்றால் போன ஆண்டின் அதே வாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 16 மாதத் தரவு அங்கே இருக்கும். உங்கள் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடி வருபவர்களை முதலில் ஃபில்டரில் விலக்கிவிடுங்கள். அந்தப் பெயர்த் தேடலும் சேர்ந்தே சரிந்திருந்தால் கோளாறு வேறெங்கோ இருக்க வாய்ப்பு அதிகம்.

தேடல் முடிவுகளில் உங்கள் சராசரி இடம் மாறாமல் இம்ப்ரெஷன் (பக்கம் முடிவுகளில் காட்டப்பட்ட எண்ணிக்கை) மட்டும் குறைந்திருக்கிறதா? மக்கள் அதைத் தேடுவதே குறைந்திருக்கலாம். கூகுள் டிரெண்ட்ஸில் உறுதி செய்துகொள்ளுங்கள். சில பக்கங்கள் சட்டென்று பூஜ்யத்துக்குப் போயிருந்தால், ‘தேடலில் காட்டாதே’ என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் டேக் ஒட்டிக்கொண்டதா, எந்தப் பக்கத்துக்குள் கூகுள் வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு தடுக்கிறதா, மேனுவல் ஆக்‌ஷன்ஸ் பகுதியில் (விதிமீறலுக்குக் கூகுள் எடுக்கும் நடவடிக்கை) அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். 3-ஆம் இடத்திலிருந்து 5-க்கு இறங்கிய பக்கத்தைத் தொடவே வேண்டாம். 4-லிருந்து 30-க்குப் போனவைதான் உங்கள் வேலை.

அந்தப் பக்கம் எந்தத் தேடலில் விழுந்ததோ அதையே இன்காக்னிட்டோவில் தேடி, இப்போது முதல் ஐந்து இடத்தில் இருப்பவற்றைப் பொறுமையாகப் படியுங்கள். முன்பு நீண்ட விளக்கக் கட்டுரைகள் இருந்த இடத்தில் ஒப்பீட்டு அட்டவணையோ வீடியோவோ பொருள் பட்டியலோ வந்திருந்தால், உங்கள் விளக்கத்தை எத்தனை முறை மெருகேற்றினாலும் பயனில்லை. பக்கத்தின் வகையையே மாற்ற வேண்டும். தேதியை மட்டும் புதிதாக்கி மறுபடி வெளியிடுவதும், பழைய பக்கங்களைக் கும்பலாக அழிப்பதும் பதற்றத்தில் செய்கிற வேலைகள். சரியான திருத்தத்துக்கும் பலன் தெரியச் சில மாதம் ஆகலாம். சில தளங்களுக்கு அடுத்த கோர் அப்டேட் வரை ஆகிறது.

கேள்வி: எங்கள் சராசரி இடம் முன்பைவிட நன்றாக இருக்கிறது, இம்ப்ரெஷனும் ஏறுகிறது. கிளிக் மட்டும் குறைகிறது. ஏஐ பதில்கள்தான் காரணமா? அவற்றைத் தடுக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் அதுதான். 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கிய ஏஐ ஓவர்வியூ, பக்கத்தின் உச்சியிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பெட்டி முழுவதும் ஒரே இடமாகவே கணக்கிடப்படும். உள்ளே இருக்கும் எல்லா லிங்குக்கும் அதே இடம்தான். ஆக, உங்கள் லிங்க் பெட்டிக்குள் ஏழாவதாக ஒளிந்திருந்தாலும் ரிப்போர்ட்டில் 1 என்று காட்டலாம். சராசரி இடத்தைப் பார்த்து மகிழ்வது இனி ஆபத்து.

தடுக்க வழி உண்டு, விலையும் உண்டு. பக்கத்தின் வரிகளை எடுத்துக் காட்டக் கூடாது என்று கூகுளுக்குச் சொல்லும் நோஸ்னிப்பெட் டேக்கைப் போட்டால் உங்கள் வரிகள் ஏஐ பதிலில் வராது. ஆனால் சாதாரண முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரியும் போய்விடும். ஒரு பத்தியை மட்டும் மறைக்க டேட்டா-நோஸ்னிப்பெட் பண்பை அந்தப் பகுதிக்குக் கொடுக்கலாம். ரோபோட்ஸ் கோப்பில் கூகுள்-எக்ஸ்டெண்டட் (ஜெமினி போன்ற கூகுளின் ஏஐக்கு உங்கள் தளத்தைப் பயன்படுத்தலாமா என்று சொல்லும் குறி) என்பதைத் தடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. அது தேடல் பக்கத்தில் வரும் ஏஐ ஓவர்வியூவைக் கட்டுப்படுத்தாது.

எங்கள் கருத்தில், ‘இன்னது என்றால் என்ன’ வகைக் கேள்விகளின் கிளிக் பழையபடி திரும்பாது. அவற்றில் உழைப்பைக் கொட்டாதீர்கள். பக்கத்துக்குள் வந்தே ஆகவேண்டிய விஷயங்களுக்கு நேரத்தைத் திருப்புங்கள்: கணக்குப் போடும் கருவி, நீங்களே அளந்து எடுத்த முடிவுகள், இரண்டு பொருளைப் பக்கத்தில் வைத்து எடுத்த படங்கள், இறக்கிக்கொள்ளும் படிவம். மாத ரிப்போர்ட்டில் கிளிக்குக்குப் பக்கத்தில், வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த விசாரணைகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். கிளிக் குறைந்தும் விசாரணை குறையவில்லை என்றால், போனது வெறும் எட்டிப் பார்த்தவர்கள்தான்.

கேள்வி: ஒரு கீவேர்ட் (தேடுசொல்) பக்கத்தில் எத்தனை சதவீதம் வரவேண்டும்? கீவேர்ட்ஸ் மெட்டா டேக் தேவையா?

பதில்: அப்படி ஒரு சதவீதமே இல்லை. பக்கத்தின் குறிமுறைக்குள் தேடுசொற்களைப் பட்டியலிடும் அந்த மெட்டா டேக்கை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அதற்குக் காசு கேட்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: தளத்தைப் புதிய டொமைனுக்கு மாற்றினோம். பழைய முகவரிகள் எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டோம். தேடலில் காணாமலே போய்விட்டோம்.

பதில்: முகப்புக்குத் திருப்பியதுதான் காரணம். தொடர்பில்லாத பக்கத்துக்குத் திருப்பினால் கூகுள் அதை சாஃப்ட் 404 ஆக, அதாவது ‘இல்லாத பக்கம்’ போல எடுத்துக்கொள்ளக்கூடும். ஒவ்வொரு பழைய முகவரிக்கும் அதற்கு நிகரான புதிய முகவரியை எக்ஸெல்லில் எதிரெதிரே எழுதி, நிரந்தரமாக இடம் மாறியதைச் சொல்லும் 301 ரீடைரக்ட் போடுங்கள். நிகர் இல்லாதது 404 ஆகவே இருக்கட்டும். திருப்பல் ஒரே படியில் முடிய வேண்டும். மூன்று நான்கு கைமாறிப் போகும்படி விடாதீர்கள்.

பழைய டொமைனை ரோபோட்ஸ் கோப்பில் தடுக்கவே கூடாது. தடுத்தால் கூகுள்பாட் (பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரல்) உள்ளே வராது, ரீடைரக்ட் இருப்பதே அதற்குத் தெரியாது. ‘இதுவே அசல் முகவரி’ என்று கூகுளுக்குச் சொல்லும், புதிய பக்கங்களின் கேனானிக்கல் டேக் இன்னும் பழைய முகவரியைக் காட்டுகிறதா, சோதனைத் தளத்தில் போட்ட நோஇண்டெக்ஸ் கூடவே வந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். இவ்விரண்டும் அடிக்கடி நடக்கிற தவறு. தளத்துக்குள் இருக்கும் லிங்குகளையும் சைட்மேப்பையும் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) புதிய முகவரிக்கு மாற்றிவிட்டு, சர்ச் கன்சோலின் சேஞ்ச் ஆஃப் அட்ரஸ் கருவியில் தெரிவியுங்கள். ரீடைரக்டைக் குறைந்தது ஓர் ஆண்டு, முடிந்தால் அதற்கு மேலும் வைத்திருங்கள். அதுவரை பழைய டொமைனைப் புதுப்பிக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: பேஜ்ஸ்பீடு மதிப்பெண் 100 வாங்கினால் மேலே வருவோமா?

பதில்: பேஜ்ஸ்பீடு என்பது பக்கத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் கருவி. அந்த 100 அதன் சோதனைக்கூட மதிப்பெண். கூகுள் பார்ப்பது உண்மையான பயனர்களின் அனுபவத்தை: பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லிவிநாடிக்குள் அசைவு தெரிய வேண்டும், தளவமைப்பு நகர்வு (பக்கம் ஏறும்போது உள்ளடக்கம் இடம் மாறும் அளவு) 0.1-ஐத் தாண்டக் கூடாது. 75 சதவீத வருகைகளில் இவை மூன்றும் தேறினால் போதும். அதற்கு மேல் துரத்துவதால் தேடலில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தேறவில்லையா? முதல் திரையில் வரும் பெரிய படத்துக்கு லேஸி லோடிங் (படத்தைத் தாமதமாக ஏற்றும் முறை) போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். படங்களுக்கு அகல, உயர அளவு கொடுங்கள். பல தளங்களுக்கு இதிலேயே சரியாகிவிடும்.