எத்தனை விசில்? (அடுப்படி கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அளவே இல்லை. "மாவு கொஞ்சம், தண்ணீர் தேவைக்கு, ஏன் சரியாக வரவில்லை?" என்று கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? டம்ளர் கணக்காவது எழுதுங்கள்.

மெதுவடை எண்ணெய் குடிக்கிறதே?

மாவில் தண்ணீர் அதிகம். உளுந்து 1 மணி நேரம் ஊறினால் போதும், ராத்திரி முழுக்க வேண்டாம். தண்ணீரை ஊற்றாமல் கையால் தெளித்துத் தெளித்து அரையுங்கள். மாவைக் கிள்ளித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டால் மிதக்க வேண்டும். வடை தட்டுவதற்குச் சற்று முன்னால் உப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள், முன்பே போட்டால் மாவு நீர்த்துவிடும். ஏற்கெனவே நீர்த்துவிட்டதா? 2 ஸ்பூன் அரிசி மாவு போட்டு ஒப்பேற்றுங்கள்.

பஜ்ஜி மாவில் சிவப்புப் புள்ளிகள் வருகின்றன. கடலை மாவு கெட்டுவிட்டதா?

இல்லை. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதே வேலையை இங்கே ஆப்பசோடா செய்கிறது. சோடாவைக் குறைத்து, மாவோடு சேர்த்துச் சலித்துவிடுங்கள்.

துவரம்பருப்பு குழைய எத்தனை விசில் விட வேண்டும்?

வந்துவிட்டது! மாதம் தவறாமல் வரும் கேள்வி. விசில் என்பது குக்கர் தனக்கு அதிகப்படியான ஆவியை வெளியே தள்ளுவது, அவ்வளவுதான். அது கடிகாரம் இல்லை. தீயைப் பெரிதாக வைத்தால் 5 நிமிடத்தில் 6 விசில் வரும், பருப்பு முழுசாக நிற்கும். சிம்மில் வைத்தால் கால்மணி நேரத்துக்கு ஒன்றுகூட வராமலே பருப்பு மசிந்துவிடும். உள்ளே அழுத்தம் ஏறி நின்றுவிட்டால் சூடு 120 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதற்கு மேல் தீயைக் கூட்டினால் கேஸ்தான் வீண்.

கல்யாணமான புதிதில் மாமியார் சொன்ன 3 விசிலை நம்பி, அவருடைய 3 லிட்டர் குக்கர் கணக்கை என் 5 லிட்டரில் போட்டேன். அன்று சாம்பார் என்ற பெயரில் எல்லோரும் பருப்புச் சுண்டல் சாப்பிட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, செய்முறை. ஆவி நேராகச் சீறி வந்த பிறகு வெயிட்டைப் போடுங்கள். முதல் விசில் வந்ததும் சிம். அங்கிருந்து கடிகாரம் பார்த்து 10 நிமிடம். ஊறிய பருப்பானால் 7 போதும், ராத்திரி ஊறிய கொண்டைக்கடலைக்கு 20. அணைத்ததும் வெயிட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள், தானாக அடங்கட்டும். பருப்பு நுரைத்து ஆவித் துளையை அடைக்கும், அதனால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. இத்தனைக்கும் வேகவில்லை என்றால் பருப்பு பழசு, அல்லது உங்கள் போர் தண்ணீர் கடினமானது. புளியையோ தக்காளியையோ பருப்போடு சேர்த்து வைத்தாலும் இதே கதிதான், புளிப்பு பட்டால் பருப்பு மசியாது. சோடா போட்டால் மசியும், தயாமின் (வைட்டமின் பி1) சத்தும் கூடவே போகும்.

இனி விசில் கணக்குக் கேட்டு எழுதுபவர்கள் குக்கர் எத்தனை லிட்டர் என்றாவது எழுதுங்கள்.

குழம்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு உறிஞ்சிவிடுமாமே?

அது குழம்பைக் குடிக்கும். உப்பை மட்டும் பிரித்தெடுக்க அதற்குத் தெரியாது. தேங்காய் அரைத்துவிட்டோ, உப்பில்லாத புளிக்கரைசல் சேர்த்தோ குழம்பைப் பெருக்குங்கள்.

மோர்க்குழம்பு திரிந்துபோகிறது.

கொதிக்க விட்டிருப்பீர்கள். சிம்மில் வைத்து, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்குங்கள். அரைப்பில் ஊறிய கடலைப்பருப்பு இருந்தால் கொஞ்சம் தாங்கும்.

கிருஷ்ண ஜயந்திக்குச் செய்த சீடை வெடித்தது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். வெளிப்பக்கம் இறுகிய பின் உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வழி தேடுகிறது. மாவைச் சலியுங்கள், இறுக்கி உருட்டாதீர்கள், துணியில் பரப்பி உலர்த்தி ஊசியால் குத்துங்கள். முதலில் ஒன்றே ஒன்றைப் போட்டு, தள்ளி நின்று பாருங்கள். உளுந்து மாவு கூடினாலும் வெடிக்கும். எவ்வளவு போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, வழக்கம்போல.

பொரித்த எண்ணெயை எத்தனை தடவை பயன்படுத்தலாம்?

வடிகட்டி ஓரிரு நாளில் தாளிப்பிலேயே தீர்த்துவிடுங்கள், திரும்பப் பொரிக்காதீர்கள். கடைகளுக்கே 2018 ஜூலை முதல் வரம்பு உண்டு: எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து சேரும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டில் அதை அளக்க முடியாது. கறுத்து, பிசுபிசுத்து, நுரைத்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள், ஆனால் சிங்கில் அல்ல.

வெண்டைக்காய்ப் பொரியல் கொழகொழவென்று வருகிறது. என்ன செய்யலாம்?

கழுவிவிட்டு நறுக்கினீர்களா, நறுக்கிவிட்டுக் கழுவினீர்களா?