லீனியர் ஆர்ம் மாட்டலாமா? வாசகர் கேள்வி-பதில்

கே: என்கிட்ட இருக்கறது பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் (ரெக்கார்டு பிளேயர்), 9 இன்ச் சாதா ஆர்ம் (ஊசியைத் தாங்குற கை). ரெக்கார்டோட கடைசிப் பாட்டு வந்தாலே 'ஸ' எல்லாம் 'ஷ்ஷ்'னு சிதறுது. லீனியர் டிராக்கிங் ஆர்ம் (ஊசியை விளிம்புலேர்ந்து நடுவுக்கு நேர்கோட்டுலயே கொண்டு போறது) போட்டா சரியாயிடும்னு ஃபிரெண்ட் சொல்றார். மாத்திடவா சார்? (கோவை வாசகர்)

ப: அவசரப்படாதீங்க. உங்க ஃபிரெண்ட் சொல்றது பாதி சரி. ரெக்கார்டை வெட்டுற லேத்துல கட்டர் விளிம்புலேர்ந்து நடுவுக்கு நேர்கோட்டுல போகுது, நம்ம ஆர்ம் ஒரு முனையில நின்னுக்கிட்டு வளைஞ்சு போகுது, அதனால ரெண்டும் ஒத்துப்போற இடம் மொத்தமே ரெண்டுதான் (வழக்கமான அலைன்மென்ட்ல நடுவுலேர்ந்து சுமார் 66 மி.மீ., 121 மி.மீ.). மத்த இடத்துல எல்லாம் கொஞ்சம் கோணல் இருக்கும், ஆனா ஒழுங்கா மாட்டின 9 இன்ச் ஆர்ம்ல அது அதிகபட்சம் சுமார் 2 டிகிரிதான். கடைசிப் பாட்டு கெடுறதுக்கு பெரிய காரணமே வேற. விளிம்புல குரூவோட (ஊசி ஓடுற பள்ளத்தோட) ஆரம் 146 மி.மீ., உள்ள வந்தா 60 மி.மீ., ஆனா சுத்துறதுக்கு ரெண்டு இடத்துலயும் அதே 1.8 செகண்ட்தான், ஆக அதே சத்தத்தை பாதிக்கும் குறைவான நீளத்துல நெருக்கி வெட்டியிருப்பாங்க. எந்த ஆர்ம் போட்டாலும் அது மாறப்போறதில்லை. முதல்ல புரொட்ராக்டர் (கோணம் பார்க்கற அட்டை) வெச்சு கார்ட்ரிட்ஜை (ஊசி மாட்டியிருக்கற சின்னப் பெட்டியை) திரும்ப அலைன் பண்ணுங்க, ஊசி முனை வெறும் கோனிக்கல்னா (கூம்பு) எலிப்டிக்கல் (நீள்வட்டம்) இல்லாட்டி ஃபைன் லைன் (இன்னும் மெல்லிசான முனை) ஊசி போடுங்க. அதுக்கப்புறமும் ஆசை விடலைன்னா ஆர்ம் பத்திப் பேசுவோம்.

கே: செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய ஜப்பான் லீனியர் செட் வாங்கினேன், ஆர்ம் மூடிக்குள்ளயே இருக்கு. தட்டு நல்லா சுத்துது, ஆர்ம் நகரவே மாட்டேங்குது. குப்பையில போட வேண்டியதுதானா? (மதுரை வாசகர்)

ப: ஐயோ, போட்டுறாதீங்க! 1979-ல டெக்னிக்ஸ் எஸ்எல்-10 வந்ததே, ரெக்கார்டு உறை சைஸ்ல, அந்த வம்சம்தான் இதுவும். இதுல ஊசி ஆர்மை இழுக்காது. ஆர்ம் துளி கோணலானதும் சென்சார் பார்த்துட்டு மோட்டார்தான் நகர்த்தும். அந்த மோட்டார்ல ஒரு குட்டி ரப்பர் பெல்ட் இருந்தா அது இந்நேரம் தொளதொளத்துப் போயிருக்கும், தண்டுல இருக்கற கிரீஸ் இறுகிக் கிடக்கும். பெல்ட் மாத்தி, பழைய கிரீஸை துடைச்சிட்டு லேசா புதுசு தடவினா பல செட் உயிர் பிழைச்சுடும். கார்ட்ரிட்ஜ் பி-மவுண்ட் டைப்னா சும்மா சொருகுறதுதான், ஊசி அழுத்துற எடை 1.25 கிராம்னு ஸ்டாண்டர்டாவே வெச்சுட்டாங்க, செட்டிங் தலைவலியே கிடையாது. லீனியர் வேணும், திருகாணியோட மல்லுக்கட்ட முடியாதுங்கறவங்களுக்கு நான் சொல்றது இந்த ரகம்தான்.

கே: ஏர் பேரிங் (காத்துல மிதக்குற) லீனியர் ஆர்ம் ஒண்ணு கைக்கு வருது. எப்படி செட் பண்றது, எந்த கார்ட்ரிட்ஜ் போடலாம், ஆன்ட்டி-ஸ்கேட்டிங் (ஆர்ம் உள்பக்கம் இழுபடாம எதிர்ப்பக்கம் இழுக்கற விசை) எவ்வளவு வைக்கணும்? (சென்னை வாசகர்)

ப: கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: ஒண்ணும் வைக்க வேணாம். சாதா ஆர்ம்ல குரூவோட இழுப்பு ஆர்ம் ஊன்றின புள்ளிக்கு நேரா இல்லாம கோணலா இருக்கறதாலதான் அந்த உள்பக்க இழுப்பு வருது, இதுல அது கிடையாது.

எமினென்ட் டெக்னாலஜி ஈடி-2, குஸ்மா ஏர்லைன் மாதிரி ஆர்ம்கள்ல மோட்டார் இல்லை, காத்து மேல மிதக்குற குழாயை ஊசியே இழுத்துட்டுப் போகணும். அதனால மட்டம்தான் உயிர். முதல்ல பிளாட்டர் (ரெக்கார்டு வைக்கற தட்டு), அப்புறம் ஆர்மோட தண்டு, ரெண்டையும் ரசமட்டம் வெச்சுப் பாருங்க. அதோட நிறுத்தாம, எடையை பேலன்ஸ் பண்ணி ஊசி எதையும் தொடாம மிதக்க விட்டு காத்து பம்பை ஆன் பண்ணுங்க, ஆர்மை எங்க விட்டாலும் அங்கயே நிக்கணும். உள்ளயோ வெளியயோ தானா போச்சுன்னா ஒண்ணு தண்டு சாய்ஞ்சிருக்கு, இல்ல பின்னாடி வர்ற ஒயர் இழுக்குது. ஒயரை பலர் பார்க்கவே மாட்டாங்க, மெல்லிசா, தளர்வா ஒரு லூப்பா விடுங்க.

அடுத்தது ஊசி போற பாதை, அது ஸ்பிண்டில் (தட்டு நடுவுல நிக்கற குச்சி) நடுப்புள்ளிக்கு நேரா போகணும். 1 மி.மீ. தள்ளிப் போனாலே உள் குரூவ்ல கிட்டத்தட்ட 1 டிகிரி கோணல், அப்புறம் இவ்வளவு செலவு பண்ணது எதுக்கு? ஸ்பிண்டில் நடுவுலேர்ந்து நேர்கோடு போட்ட அட்டையை வெச்சு, ஊசி விளிம்புலயும் உள்ளயும் அதே கோட்டுல இறங்குதான்னு பாருங்க. விளிம்புல சரி, உள்ள தப்புன்னா கார்ட்ரிட்ஜை நோண்டாதீங்க, ஆர்ம் அடிப்பாகத்தைத்தான் திருப்பணும். உயரம், எடை, முன்னாலேர்ந்து பார்த்தா ஊசி செங்குத்தா நிக்குதா, இதெல்லாம் சாதா ஆர்ம் மாதிரியே.

கார்ட்ரிட்ஜ் ரொம்ப மெத்துன்னு, அதாவது ஹை கம்ப்ளையன்ஸா, வேணாம். ரெக்கார்டு ஓட்டை அரை மி.மீ. தள்ளி இருந்தாகூட மொத்த ஆர்மும் சுத்துக்கு சுத்து 1 மி.மீ. போயிட்டு வரணும், அந்த எடை முழுக்க ஊசித்தண்டு தலையிலதான். கொஞ்சம் விறைப்பான மூவிங் காயில் (உள்ள கம்பிச்சுருள் அசையற ரகம்) கார்ட்ரிட்ஜ் நல்லா ஒத்துப்போகும். ஓட்டை தள்ளின ரெக்கார்டு உங்ககிட்ட நிறைய இருந்தா, ஒளிவுமறைவில்லாம சொல்றேன், இந்த ஆர்ம் உங்களுக்கு இல்லை.

பம்பு ஆயில் இல்லாத ரகமா இருக்கட்டும், பக்கத்து ரூம்ல வெச்சு நீள டியூப் இழுத்துடுங்க, நடுவுல ஒரு சின்ன டேங்க் இருந்தா காத்து துடிக்காம வரும். சென்னை ஈரத்துக்கு தண்ணி பிடிக்கிற ஃபில்டர் கட்டாயம், அதை அப்பப்போ திறந்து வடிச்சுடுங்க.

கே: ஏர் ஆர்ம் பாட்டுக்கு நடுவுல கரண்ட் போனா ரெக்கார்டு கீறிடுமா?

ப: காத்து நின்னதும் ஆர்ம் பக்கவாட்டுல நகராம பிடிச்சுக்கும், தட்டு சுத்தி அடங்குற வரைக்கும் குரூவ் ஊசியை இழுக்கும், அது நல்லதுக்கில்லை. பம்பை யுபிஎஸ்ல போடுங்க, டர்ன்டேபிளை வேணாம்.