இரண்டையும் சொல்லிக்கொடுத்தால் என்ன?

கேள்வி: அமெரிக்கப் பள்ளிகளில் பரிணாமத்தோடு, உயிர்களைக் கடவுளே படைத்தார் என்னும் படைப்புவாதத்தையும் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு சாரார் விடாமல் கேட்கிறார்கள். இரண்டையும் சொல்லிவிட்டு முடிவை மாணவர்களிடம் விட்டால் என்ன தப்பு?

பதில்: கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. லூசியானா மாநிலம் 1981-இல் இதைச் சட்டமாகவே போட்டது: ஒன்றை நடத்தினால் மற்றதையும் நடத்தியாக வேண்டும். 1987-இல் உச்ச நீதிமன்றம் அதன் நோக்கம் மதம்தான் என்று ரத்து செய்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அப்போது தயாராகிக்கொண்டிருந்த ஒரு பாடநூலின் வரைவுகளில் ‘படைப்புவாதிகள்’ என்று இருந்த இடமெல்லாம் ‘வடிவமைப்பு ஆதரவாளர்கள்’ (உயிர்களை ஏதோ ஓர் அறிவு வடிவமைத்தது என்பவர்கள்) என்று மாறியது. ஓரிடத்தில் பழைய சொல்லைச் சரியாக அழிக்காமல் புதியதைச் செருகியதில் இரண்டும் ஒட்டிக்கொண்டு, எந்த அகராதியிலும் இல்லாத ஒரு சொல் பிறந்தது. பென்சில்வேனியாவின் டோவர் ஊரில், பள்ளி வாரியம் இந்த வடிவமைப்புக் கருத்தை வகுப்பில் நுழைத்ததை எதிர்த்துப் பெற்றோர் போட்ட வழக்கில், 2005-இல், பார்பரா ஃபாரெஸ்ட் என்ற தத்துவப் பேராசிரியை இந்த வரைவுகளை நீதிமன்றத்தில் எடுத்து வைத்தார். சரக்கு பழையதுதான், பெயர்தான் புதிது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதே வழக்கில் வாரியத் தரப்பின் முக்கிய நிபுணர் மைக்கேல் பீஹி. அறிவியல் கோட்பாடு என்பதற்கு அவர் தந்த விளக்கத்தின்படி பார்த்தால் ஜோதிடமும் அதில் அடங்கும் என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். நம் பத்திரிகையில் ராசிபலன் எழுதுபவர் சந்தோஷப்படுவார்.

என் ஆட்சேபம் இதுதான். எந்தக் கருத்தும் முதலில் ஆய்வுக்கூடத்தில் நின்று, மற்ற விஞ்ஞானிகளின் கேள்விகளைத் தாங்கி, கடைசியில்தான் பாடப் புத்தகத்துக்கு வரும். வடிவமைப்பு ஆதரவாளர்கள் அந்த வரிசையில் நிற்காமல் பள்ளி வாரியத்தில் ஓட்டு வாங்கி நேரே வகுப்புக்குள் வரப் பார்த்தார்கள். மாணவன் எதை வைத்து முடிவு செய்வான்?

டோவர் ஆசிரியர்கள் வடிவமைப்புக் கருத்தைப் பற்றி வாரியம் தந்த அறிக்கையை வகுப்பில் வாசிக்க மறுத்தார்கள். நிர்வாகிகளே போய் வாசித்தார்கள். அந்த ஆசிரியர்களுக்கு என் வணக்கம்.

கேள்வி: அப்படியானால் கடவுளை நம்புகிறவர் பரிணாமத்தை ஏற்க முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். டோவரில் பரிணாமத்துக்காக முதலில் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர்.

கேள்வி: 1925-இல் பரிணாமம் நடத்தியதற்காக ஜான் ஸ்கோப்ஸ் சிறைக்குப் போனாராமே?

பதில்: இல்லை. 100 டாலர் அபராதம், அவ்வளவுதான். அவர் பிடிபட்டவரும் அல்ல. பள்ளியில் மனிதப் பரிணாமம் நடத்தக் கூடாது என்ற டென்னசி மாநிலச் சட்டத்தை எதிர்த்து வழக்காட முன்வரும் ஆசிரியருக்கு உதவுவதாகக் குடிமக்கள் உரிமைகளுக்கான சங்கம் ஒன்று அறிவித்திருந்தது. டேடன் ஊர்ப் பிரமுகர்கள், வழக்கு நடந்தால் ஊருக்குப் பெயர் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, மருந்துக் கடையில் உட்கார்ந்து அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். 1927-இல் மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. அதுவும் அபராதத் தொகையை ஜூரிக்குப் பதில் நீதிபதி தீர்மானித்துவிட்டார் என்ற காரணத்துக்காக. பரிணாமத்தைத் தடுத்த சட்டம் 1967 வரை அப்படியே இருந்தது.