இயற்பியல் வரவில்லை என்றால் காமர்ஸ்தானா?

தேவகோட்டையிலிருந்து எழுதிய ஆச்சிக்கு வணக்கம்.

பத்தாவது படிக்கும் மகளுக்கு பிசிக்ஸ் சுத்தமாக வரவில்லை, பதினொன்றில் காமர்ஸ் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: ஜனவரியில் இந்த முடிவை எடுக்க வேண்டாம். மே மாதம் எடுத்தால் போதும். அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அவளுக்கு இயற்பியல் புரியவில்லையா, அல்லது புரிந்ததைத் தாளில் எழுதத் தெரியவில்லையா?

நீங்கள் அனுப்பிய அரையாண்டு விடைத்தாளைப் பொறுமையாகப் பார்த்தேன். அறிவியலில் 75க்கு 38. கணிதத்தில் 100க்கு 81. இந்த இரண்டு எண்களும் ஒரே பிள்ளையுடையவை என்பதைக் கவனித்தீர்களா? கணிதத்தில் 81 வாங்குகிறவளுக்குப் பத்தாம் வகுப்பு இயற்பியலின் பெருக்கல் வகுத்தல் வராமல் போக வாய்ப்பில்லை. இழந்த மதிப்பெண்களைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் தெரிகிறது. வரையறைகளில் பாதிக்குப் பாதி போயிருக்கிறது. சூத்திரங்கள் அநேகமாக எல்லாம் சரி. கணக்குகளில்தான் பெரிய ஓட்டை. அதிலும் சூத்திரத்தை எழுதி, எண்களைப் போட்டு, கடைசி வரியில் தவறு. காரணம் அலகு.

ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். 200 கிராம் நிறையுள்ள பந்து, முடுக்கம் 5 மீ/வி². விசை எவ்வளவு? உங்கள் மகள் 200ஐ 5ஆல் பெருக்கி 1000 நியூட்டன் என்று எழுதியிருக்கிறாள். கிராமை கிலோகிராமாக மாற்றியிருந்தால் 0.2 பெருக்கல் 5, விடை 1 நியூட்டன். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, கட்டுக் கட்டாகத் தாள் திருத்துகிறவர். ஆனால் வீட்டில் யாராவது அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: 1000 நியூட்டன் என்றால் எவ்வளவு கனம்? 100 கிராம் பொருளின் எடைதான் ஏறக்குறைய ஒரு நியூட்டன். அப்படியானால் 1000 நியூட்டன் என்பது 50 கிலோ அரிசி மூட்டை இரண்டின் எடை. ஒரு பந்தைத் தள்ள அத்தனை விசையா என்று அவளே சிரித்துவிட்டுத் திருத்தியிருப்பாள். இந்த உணர்வு இருந்தால் பாதி தவறுகள் தாமாக விலகிவிடும். சூத்திரத்தை இன்னும் பத்து முறை எழுத வைப்பதால் அது வராது.

வரையறைகளில் இழந்ததற்குக் காரணம் வேறு. அவள் மனப்பாடம் செய்கிறாள், பாதியில் மறக்கிறாள். நீங்கள் பூர்வீக வீட்டில் குடியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். வெப்ப இயற்பியலுக்கு அதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எந்தப் பள்ளியிலும் கிடையாது என்பேன். காலை ஏழு மணிக்கு வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நிற்கச் சொல்லுங்கள். அப்புறம் தேக்கு நிலைப்படி மேல் நிற்கச் சொல்லுங்கள். தரை குளிரும், படி குளிராது. எது அதிகக் குளிர்ச்சி என்று கேட்டால் தரை என்பாள். இரண்டின் மேலும் சிறிது நேரம் வெப்பநிலைமானியை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். காலில் இருக்கிற வெப்பத்தைத் தரைக்கல் வேகமாக உறிஞ்சிக் கடத்துகிறது, தேக்கு மெதுவாகக் கடத்துகிறது. நாம் ‘குளிர்ச்சி’ என்று உணர்வது அந்த வேகத்தைத்தான். வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு என்ற பாடத்தின் முதல் வரி அந்த இடத்தில் மனதில் உட்கார்ந்துவிடும்.

அதே வீட்டில் மதிய வெயிலில் தெருவிலிருந்து உள்ளே வந்தால் உடம்பு ஏன் சட்டென்று ஆறுகிறது? சுவரின் கனம் ஒரு காரணம். அத்தனை கல்லும் சுண்ணாம்பும் சூடேற நேரம் பிடிக்கும். வெளியே வெயில் உச்சிக்கு வந்தாலும் உள்சுவர் அதை உடனே காட்டாது. வீட்டின் நடுப்பகுதியான வளவில் திறந்த முற்றம் இருப்பது இன்னொரு காரணம். சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலே எழுந்து முற்றத்தின் வழியாக வெளியேறுகிறது, அந்த இடத்துக்கு நிழலில் இருக்கிற காற்று வருகிறது. வெப்பச் சலனம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதுதான். இரவில் சில அறைகள் புழுங்குவதையும் அவளே விளக்கிவிடுவாள்: பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தைச் சுவர் அப்போதுதான் திருப்பித் தருகிறது.

ஒலியியலுக்கும் வீடு போதும். கூடத்தில் பொருள் எதுவும் இல்லாத நேரத்தில் ஒருமுறை கை தட்டச் சொல்லுங்கள். ஓசை கொஞ்சம் நீண்டு ஒலித்து அடங்கும். அது எதிரொலியா? பெரும்பாலான பிள்ளைகள் ஆமாம் என்று எழுதி மதிப்பெண்ணை விடுவது இங்கேதான். தனியான எதிரொலியாகக் காதில் விழ, முதல் ஓசைக்கும் திரும்பி வரும் ஓசைக்கும் குறைந்தது 0.1 நொடி இடைவெளி வேண்டும். காற்றில் ஒலி நொடிக்கு 344 மீட்டர் போகிறது என்று வைத்தால் 0.1 நொடியில் 34.4 மீட்டர். போய்த் திரும்ப வேண்டுமே, அதனால் சுவர் 17.2 மீட்டர் தூரத்திலாவது இருக்க வேண்டும். கூடத்துச் சுவர்கள் அதைவிடப் பக்கத்தில் இருப்பதால் பல சுவரில் பட்டு வரும் ஓசைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அதற்கு எதிர்முழக்கம் என்று பெயர். கல்யாணத்துக்கு ஜமுக்காளம் விரித்து ஆட்கள் நிரம்பியதும் அந்த முழக்கம் காணாமல் போய்விடும், துணியும் உடம்பும் ஒலியை உறிஞ்சுவதால். சி.வி. ராமன் மிருதங்கம் போன்ற நம் தோல்கருவிகளின் ஒலியை ஆராய்ந்து கட்டுரை எழுதியவர். அவருக்கும் ஆராய்ச்சிப் பொருள் காதுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஓசை எழுப்பும் பொருள் நகரும்போது அதன் சுருதி மாறிக் கேட்கிற டாப்ளர் விளைவு அவளுக்கு வரவே இல்லை என்று தாளிலிருந்து தெரிகிறது. தேவகோட்டை ரஸ்தா பக்கம் போகும்போது ரயில்வே கேட்டில் ஐந்து நிமிடம் நின்றால் தீர்ந்தது. வரும்போது கேட்கிற ஹாரனின் சுருதி, கடந்து போனதும் சட்டென்று இறங்கிக் கேட்கும். ஓட்டுநர் ஒன்றும் மாற்றவில்லை. ரயில் மணிக்கு 90 கி.மீ., அதாவது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வருகிறது, ஹாரனின் அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டு அவளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். வரும்போது ஏறக்குறைய 431 ஹெர்ட்ஸ், போகும்போது 373 ஹெர்ட்ஸ் வர வேண்டும். எண்களை நேர்மாறாக எழுதிவிட்டால் காதே சொல்லிவிடும் தப்பு என்று.

மின்னோட்டவியலுக்கு உங்கள் வீட்டு ஈ.பி. கார்டு. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை, கார்டைப் பார்த்து நீங்களே கேள்வி கேட்பீர்கள். ஒளியியலும் அணுக்கரு இயற்பியலும் இப்படி வீட்டில் கிடைக்காது. அவற்றைப் புத்தகத்தை வைத்துத்தான் படிக்க வேண்டும். கதிர் வரைபடங்களை மட்டும் தினம் ஒன்று கையால் வரையட்டும்.

இனி குரூப் விஷயம். அவளுக்குக் கட்டடக்கலையில் ஆசை என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆச்சி, அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருந்தால்தான் சேர முடியும். நாட்டா என்ற நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் சேர்த்துத் தமிழ்நாட்டில் தரவரிசை போடுகிறார்கள். காமர்ஸ் எடுத்த அன்றே அந்தக் கதவு மூடிக்கொள்ளும். பத்தாவதுக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் கணிதத்தோடு மூன்றாண்டு டிப்ளமோ முடித்தும் பி.ஆர்க். போகலாம், ஆனால் அங்கேயும் முதல் ஆண்டில் இயற்பியல் உண்டு.

பொறியியலுக்கு 200க்குப் போடுகிற கட் ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பி.எஸ்சி. நர்சிங், பாராமெடிக்கல் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கும் இயற்பியல் வேண்டும். மறுபக்கம் பாருங்கள். அறிவியல் குரூப் எடுத்த பிள்ளை பிறகு மனம் மாறி பி.காம்., சட்டம், சி.ஏ. எதற்கும் போகலாம். சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுத எந்த குரூப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஆகவே சந்தேகம் இருக்கும்போது காமர்ஸை ஒரு பாதுகாப்பான ஒதுங்குமிடமாக நினைப்பது தலைகீழான யோசனை. கணக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு தகவல்: சி.ஏ. ஃபவுண்டேஷனின் நான்கு தாள்களில் ஒன்று முழுக்கக் கணிதம், தர்க்கம், புள்ளியியல்.

அவளுடைய அப்பச்சி சிங்கப்பூரிலிருந்து போனில் “நமக்குக் கொடுக்கல் வாங்கல்தான் வரும், பிசிக்ஸ் எதற்கு” என்கிறாராம். அவரிடம் அழகப்பச் செட்டியாரை ஞாபகப்படுத்துங்கள். கொடுக்கல் வாங்கல் தெரிந்தவர்தான். அவர்தான் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியை வரவழைத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் திறந்தார்கள். பேட்டரி, இரும்பை அரிக்கும் துரு, மின்முலாம் என்று இன்றைக்கும் ஆராய்ச்சி நடக்கிற இடம். அதே வளாகப் பக்கத்தில் அரசு பொறியியல் கல்லூரி, பல்கலைக்கழகம். வெளியூர்ப் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற இடத்துக்கு உங்கள் மகள் பஸ்ஸில் போய் வரலாம். இன்னொன்று, செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. பழைய வீடுகளைப் புரிந்து பழுது பார்க்கத் தெரிந்த கட்டடக்கலைஞர்களுக்கு இங்கே வேலை குறையாது. சுவர் ஏன் வியர்க்கிறது, உத்தரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதெல்லாம் விசையும் வெப்பமும்தான்.

ஆனால் ஒன்று. மார்ச் வரை முயன்று பார்த்த பிறகும் “எனக்கு இதில் விருப்பமே இல்லை, கடைக் கணக்குப் பார்ப்பதுதான் பிடிக்கிறது” என்று அவளே சொன்னால் காமர்ஸில் சேருங்கள், சந்தோஷமாகச் சேருங்கள். கௌரவத்துக்காக முதல் குரூப்பில் தள்ளப்பட்டு இரண்டு வருடம் முகம் வாடிய பிள்ளைகளை நிறையப் பார்த்தாயிற்று. பயந்து விலகுவதைத்தான் நான் தடுக்கிறேன்.

இன்னொரு டியூஷன் வேண்டாம். பள்ளி, ஒரு டியூஷன், வீடு திரும்ப எட்டரை மணி என்றால் அவள் தானாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது எப்போது? தினமும் இரவு அரை மணி நேரம், இரண்டே கணக்கு. தரப்பட்டதை எழுதி, பக்கத்திலேயே அலகை மாற்றி, அதன் பிறகுதான் சூத்திரம். விடை வந்ததும் “இது நடக்கிற காரியமா?” என்று ஒரு வரி. நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், இயற்பியல் தெரிய வேண்டியதில்லை. அலகு எழுதியிருக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். பொதுத்தேர்வில் கட்டாய வினாவாகக் கணக்கு வருவது வழக்கம் என்பதால் இந்த அரை மணி நேரம் வீணாகாது.

பிப்ரவரி திருப்புதல் தேர்வின் அறிவியல் தாள் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். மொத்த மதிப்பெண் கூடியதா என்று பார்க்க மாட்டேன், கணக்குகளில் அலகால் போன மதிப்பெண் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். குறைந்திருந்தால் மே மாதம் கணிதமும் இயற்பியலும் உள்ள குரூப்புக்கு விண்ணப்பம் வாங்கிவிடலாம். உயிரியலா கம்ப்யூட்டரா என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள், பி.ஆர்க்.குக்கு இரண்டும் ஒன்றுதான். பதினொன்று சேர்ந்த பிறகு செப்டம்பரில், சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் நிறுவன நாளையொட்டி ஆய்வகங்களை மாணவர்கள் பார்க்கத் திறந்துவிடுவது வழக்கம்; சிக்ரிக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். நாட்டா பயிற்சிக்கு இப்போதே பணம் கட்டச் சொல்லி யாராவது போன் செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பத்தாவது பிள்ளைக்கு ஒரு ஸ்கெட்ச் நோட்டும் பென்சிலும் போதும்.