நூறு பிரதி போதும்

வாசகர் கேள்வி – பதில்

(பரிசோதனை இசைக்கென்றே ஒரு சின்ன ரெக்கார்டு லேபிள், அதாவது இசை வெளியிடும் நிறுவனம், நடத்துபவர் இந்த இதழில் பதில் சொல்கிறார். பிழைப்புக்கு டப்பிங் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர். லேபிள் நடப்பது சென்னை ஆதம்பாக்கத்தில், அவர் வீட்டுப் பின்னறையில்.)

தறி ஓடுகிற சத்தத்தைக் கேசட்டாகப் போட்டு விற்கிறீர்களாமே? எங்கள் தெருவில் அது இலவசமாகவே கேட்கிறது. காசு கொடுத்து யார் வாங்குகிறார்கள்?
– ஒரு வாசகர், செல்லூர், மதுரை

உங்கள் பகுதியில் பதிவு செய்ததுதான் சார். ஆனால் நீங்கள் கேட்கிற சத்தம் அதில் இல்லை. பதிவு செய்த பையன் தறியின் இரும்புச் சட்டத்தில் காண்டாக்ட் மைக்கை ஒட்டிவிட்டான். அது காற்றில் வருகிற ஒலியை அநேகமாக எடுக்காது, இரும்புக்குள் ஓடுகிற அதிர்வைத்தான் எடுக்கும். தறியின் நாடா (ஷட்டில்) வந்து மோதுகிற சத்தத்துக்கு அடியில் ஒரு முனகல் இருக்கிறது. பெல்ட் தளர்ந்திருந்ததால் அந்த முனகல் மெல்ல ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். பாதியில் கரண்ட் போய்விடுகிறது. தறி உடனே நிற்பதில்லை. சுருதி இறங்கிக்கொண்டே போய், கடைசி இரண்டு மூன்று அடி மட்டும் தனித்தனியாக விழுந்து நிற்கிறது. அதற்குப் பிறகு, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல, "ஃபீஸ் போச்சாடா?" என்று ஒரு குரல்.

இது நாங்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1982-ல் இங்கிலாந்தில் தொடங்கிய டச் என்ற லேபிள், கிறிஸ் வாட்சன் மெக்சிகோவின் குறுக்கே ஓடிய ஒரு ரயிலின் ஒலிகளை வைத்துச் செய்த ஆல்பத்தை 2011-ல் வெளியிட்டது. மனிதர் ஷெஃபீல்டில் கேபரே வோல்டேர் என்ற எலக்ட்ரானிக் இசைக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு பிபிசியின் இயற்கைப் படங்களுக்கு ஒலிப்பதிவாளராகப் போனார். இசையையும் இந்த மாதிரிச் சத்தங்களையும் சேர்த்துக் கேட்கிற ஒரு கூட்டம் உலகம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கிறது. அவர்கள்தான் வாங்குகிறார்கள். தறி கேசட்டை வாங்கியவர்களில் ஈரோட்டுத் தறி மெக்கானிக் ஒருவரும் உண்டு. கேட்டுவிட்டு, "பெல்ட்டை முதலில் மாற்றச் சொல்லுங்கள்" என்று மெசேஜ் அனுப்பினார்.

என்னிடம் ஒன்றரை லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. நண்பனின் எலக்ட்ரானிக் இசையை எல்பி ரெக்கார்டாகப் போட்டு ஒரு லேபிள் தொடங்க ஆசை. செய்யலாமா?
– ஒரு வாசகர், கோவை

லேபிள் தொடங்குங்கள். முதல் வெளியீடே எல்பி என்றால் வேண்டாம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மாதம் ஒருவராவது என்னிடம் இதே கேள்வியோடு வருகிறார்.

எல்பியில் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். லாக்கர் என்ற மெருகு பூசிய அலுமினியத் தட்டில் முதலில் பள்ளம் வெட்டுவார்கள். அதன் மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றி, அந்த நிக்கலை உரித்தெடுத்தால் பள்ளங்கள் எல்லாம் மேடாக மாறிய ஒரு அச்சு கிடைக்கும். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று எடுத்து, கடைசியில் வருவது ஸ்டாம்பர். குறைவான பிரதி என்றால் முதல் அச்சையே ஸ்டாம்பராக்கி விடுவதும் உண்டு. பிறகு சூடான பிவிசி உருண்டையை இரண்டு ஸ்டாம்பருக்கு நடுவில் வைத்து அழுத்தினால் அரை நிமிடத்தில் ஒரு தட்டு வந்து விழும். அந்த அரை நிமிடம் மலிவு. அதற்கு முன்னால் நடக்கிற வேலைக்கு 100 பிரதி என்றாலும் 500 பிரதி என்றாலும் ஏறக்குறைய ஒரே செலவுதான். அதனால்தான் தொழிற்சாலையில், "300 போடுங்க, பிரதிக்கு இவ்வளவு குறையும்" என்பார்கள். அவர்கள் கணக்கு சரிதான். உங்கள் கணக்கு வேறே. 300-ல் 80 விற்று, மிச்சம் கட்டிலுக்கு அடியில் போனால், விற்ற 80-ம் மொத்தச் செலவையும் சுமக்க வேண்டும். வெளிநாட்டில் அடித்தால் எடையும் இருக்கிறது. 300 எல்பி, உறையோடு 70, 80 கிலோ வரும். அப்புறம் சுங்கம்.

இன்னொரு விஷயம், உங்கள் நண்பர் எலக்ட்ரானிக் இசை செய்கிறார். தட்டில் ஊசி பக்கவாட்டில் ஆடினால் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. மேலும் கீழும் ஆடினால் இடது வலது வித்தியாசம். அடி ஒலி இரண்டு பக்கத்திலும் எதிரெதிராக அசைந்தால் ஊசி பள்ளத்தை விட்டே எகிறிவிடும். அதனால் தட்டு வெட்டுகிறவர் பேஸ் என்கிற அந்த அடி ஒலி முழுவதையும் நடுவுக்குக் கொண்டுவந்து விடுவார். ஹெட்போனில் மாதக்கணக்காக உட்கார்ந்து உங்கள் நண்பர் விரித்து வைத்த பேஸ் அங்கேயே போயிற்று. நீளமும் இடிக்கும். 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்க வேண்டும், நெருக்கினால் ஒலியின் அளவு குறையும். மெல்லிய இசைக்கு அடியில் பொரிகிற சத்தம்தான் மேலே வரும். இத்தனைக்கும் சம்மதித்து, டெஸ்ட் பிரஸ்ஸிங் என்ற மாதிரித் தட்டு வந்து, அதைக் கேட்டு ஒப்புதல் கொடுத்த பிறகுதான் உங்கள் முறை வரும்.

இதில் உங்கள் கையில் இல்லாத விஷயமும் நடக்கும். 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பானிங் ஊரில் அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தது. உலகத்துக்கே லாக்கர் தட்டு செய்து கொடுத்தவை இரண்டே ஆலைகள். மிஞ்சியது ஜப்பானில் இருக்கிற ஒன்று. கூடவே கொரோனா வந்தது, பெரிய கம்பெனிகளும் வினைல் தட்டுக்குத் திரும்பின, சின்ன லேபிள்கள் மாதக்கணக்கில் வரிசையில் நின்றன.

கேசட்டில் தொடங்குங்கள். 50 போடுங்கள், விற்றால் இன்னொரு 50. வீட்டிலேயே பதியலாம். என்னிடம் மூன்று கேசட் டெக் இருக்கிறது, மூன்றும் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பெல்ட் மாற்றியவை. 40 நிமிடக் கேசட் பதிய 40 நிமிடம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் பஞ்சுக் குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, டேப் உரசிப் போகிற ஹெட்டைத் துடைப்பேன். குச்சி பழுப்பாக வரும். வெள்ளையாக வருகிற வரைக்கும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் உச்ச ஒலிகள் மங்கிவிடும். பிறகு 3000 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு மூன்று டெக்கும் ஒரே வேகத்தில் ஓடுகிறதா என்று பார்ப்பேன். நடு டெக் எப்போதும் கொஞ்சம் அவசரக்காரன். கேசட்டுக்கே உரிய அந்த இரைச்சல் எல்லா இசைக்கும் பொருந்தாது. மௌனம் நிறைய உள்ள இசைக்கு சிடி நல்லது, இன்றைக்கு யாரும் அதை மதிக்காவிட்டாலும்.

ஒன்றரை லட்சத்தில் முப்பதாயிரத்தை மட்டும் இதில் போடுங்கள். மிச்சத்தை மறந்துவிடுங்கள்.

வெளியூர் லேபிள் ஒன்று என் ஆல்பத்தைக் கேட்கிறது. பத்துப் பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். எதை முதலில் பார்ப்பது?
– ஒரு வாசகி, புதுச்சேரி

எத்தனை வருடம், எந்தெந்த நாடு. இந்த இரண்டையும் தேடிப் படியுங்கள். நம் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 19-வது பிரிவு கலைஞர்களுக்குக் கொஞ்சம் ஆதரவாகவே இருக்கிறது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருடம் என்றுதான் பொருள். நாடு குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்றால், வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதி. அதனால்தான் பத்துப் பக்கத்தில் எங்கேயாவது "நிரந்தரமாக, பிரபஞ்சம் முழுவதும்" என்று ஒரு வரியைச் சொருகி வைப்பார்கள். பிரபஞ்சம் என்றே எழுதுகிறார்கள் அம்மா, நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் ஆல்பத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

நான் உரிமையை வாங்குவதில்லை. 7 வருடத்துக்கு உரிமம் (லைசென்ஸ்) மட்டும், அதற்கு இரண்டு பக்கம் போதும். செலவு கழிந்த பிறகு பாதிக்குப் பாதி. 1970-களின் கடைசியில் பிரிட்டனில் ரஃப் டிரேட், ஃபேக்டரி, மியூட் போன்ற லேபிள்கள் பரவலாக்கிய முறை இது. இதில் ஒரு ஓட்டை உண்டு. "செலவு" என்றால் என்ன என்பதை லேபிள்காரர்தான் எழுதுகிறார். ஆகவே செலவுப் பட்டியலை, ஆல்பம் வெளிவருவதற்கு முன்னாலேயே கேளுங்கள், வந்த பிறகு இல்லை. பத்தில் ஒரு பங்கு பிரதியை உங்களுக்கே தரச் சொல்லுங்கள். கச்சேரியில் வைத்து நீங்கள் விற்கிற அந்தப் பிரதிகள்தான் பெரும்பாலும் கைக்கு வருகிற முதல் காசு.

கணக்கு எப்போது வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். நான் ஜனவரியிலும் ஜூலையிலும் அனுப்புகிறேன், 40 ரூபாய் ஆனாலும் அனுப்புகிறேன். நியூயார்க்கில் 1960-களில் ஈஎஸ்பி-டிஸ்க் என்ற லேபிளை பெர்னார்ட் ஸ்டோல்மன் என்ற வக்கீல் நடத்தினார். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஆல்பர்ட் ஐலர் மாதிரி யாரும் தொடத் தயங்கிய ஆட்களை வெளியிட்டார். தட்டில் என்ன கேட்க வேண்டும் என்பதைக் கலைஞர் மட்டுமே தீர்மானிப்பார் என்று உறையிலேயே அச்சடித்தார். அதில் சொன்னபடியே நடந்தும் கொண்டார். ஆனால் காசு வந்து சேரவில்லை என்று அவருடைய கலைஞர்கள் பலர் பின்னாளில் குறைபட்டார்கள். இசையில் கை வைக்காத லேபிள் கணக்கில் கறாராக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்பாட்டிஃபையில் போட்டால் உலகமே கேட்குமே, எதற்கு இந்தக் கேசட் வம்பு?
– ஒரு வாசகர், திருச்சி

போடுகிறேனே. ஆனால் 30 விநாடி கேட்டாலே ஒரு ஸ்ட்ரீம். 31 விநாடிப் பாட்டுக்கும் ஒரு ஸ்ட்ரீம், ஒரே சுருதியை 38 நிமிடம் விடாமல் இழுக்கிற டிரோன் இசைக்கும் ஒரே ஒரு ஸ்ட்ரீம். அது போதாதென்று 2024-லிருந்து, முந்தைய 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீம் தொடாத டிராக்குக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. எங்கள் பட்டியலில் அந்தக் கோட்டைத் தொடுகிறவை அபூர்வம்.

கலைஞர்களும் லேபிள்களும் நேரடியாக இசை விற்கிற பேண்ட்கேம்ப் தளம் பரவாயில்லை. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் பொருள் விற்பனையில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்வார்கள், வாங்கியவரின் மின்னஞ்சலும் நமக்குக் கிடைக்கும். ஆனால் 2022-ல் அதை எபிக் கேம்ஸ் வாங்கியது, 2023-ல் சாங்டிராடர் கைக்குப் போனது, ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வேலை போயிற்று. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து எல்லா முகவரிகளையும் என் கணினிக்கு இறக்கி வைத்தேன். உள்ளூர்ச் சிக்கல் வேறு இருக்கிறது: பேண்ட்கேம்ப் காசு எனக்கு வருவது பேபால் வழியாக, 2021 ஏப்ரலோடு பேபால் இந்தியாவுக்குள் பணம் மாற்றுவதை நிறுத்திவிட்டது. அதனால் ஒசாகாக்காரர் ஒரு சொடுக்கில் வாங்கிவிடுகிறார். தாம்பரத்துக்காரர் எனக்கு மெசேஜ் அனுப்பி, நான் யுபிஐ எண் கொடுத்து, ஸ்கிரீன்ஷாட் வந்து, பிறகுதான் கேசட்.

இந்தியாவில் இந்த மாதிரி இசைக்கு முன்னோடி உண்டா, இல்லை எல்லாம் வெளிநாட்டு மோகமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-லேயே மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியோடு ஒரு எலக்ட்ரானிக் இசைக்கூடம் இருந்தது. அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய் என்று நம் ஆட்கள் அதில் வேலை செய்தார்கள். கீதா சாராபாய் பக்காவஜ் என்ற வட இந்தியத் தோல்வாத்தியம் வாசித்தவர், 1940-களில் நியூயார்க்கில் அமெரிக்கப் பரிசோதனை இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக் கொடுத்தவர். ஆக மோகம் எந்தத் திசையில் போயிற்று என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த டேப்கள் பல பத்தாண்டுகள் அந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்து, 2023-ல்தான் தொகுப்பாக வெளிவந்தன. வெளியிட்டது பிரிட்டன் லேபிள். இங்கே அப்போது ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு நூறு பிரதி போட்டிருந்தால்கூட அவற்றில் பத்துப் பிரதியாவது யார் வீட்டுப் பரணிலாவது பிழைத்திருக்கும் என்று எனக்கு ஆற்றாமை உண்டு.

லாபம் வருகிறதா? உண்மையைச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, சேலம்

இல்லை. நஷ்டமும் இல்லை. போன கேசட்டில் வந்த காசில் அடுத்த கேசட், அவ்வளவுதான். வீட்டு வாடகை டப்பிங்கிலிருந்து வருகிறது. இரண்டையும் ஒரே வங்கிக் கணக்கில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவரை இது ஓடும்.

என் அக்கா மகன் லேப்டாப்பில் என்னென்னவோ இரைச்சல் செய்கிறான். கேட்டால் இசை என்கிறான். உங்களுக்கு அனுப்பி வைக்கட்டுமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

நீங்கள் அனுப்ப வேண்டாம், அவனையே அனுப்பச் சொல்லுங்கள். ஒரே ஒரு துண்டு, ஒலியைச் சுருக்காத வாவ் (WAV) ஃபைலாக. இது யாரைப்போல இருக்கிறது, எந்த மென்பொருளில் செய்தது என்றெல்லாம் எழுத வேண்டாம். எங்கே உட்கார்ந்து செய்தான், அதை ஏன் அந்த இடத்தில் நிறுத்தினான் என்று இரண்டு வரி போதும். முழுக்கக் கேட்டுவிட்டுப் பதில் போடுவேன். ஒரு மாதம் ஆகலாம். அதற்குள் நீங்கள் ஒரு தடவை ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள், மாமாதானே.